சூளையில் விடுபட்டவள்

மார்ச் 4

என்னங்க,

நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

கடற்கரை நடைக் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். மூடிப்போன ஆலைகளை ஒட்டி நடந்து, சுற்றிப் பார்த்துவிட்டு வேனில் திரும்புவதாம். நீங்கள் வேலை பார்த்த சிமென்ட் ஆலையும் வழியில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சுவரோடு பேசுவதற்கு இது எவ்வளவோ மேல். ஆலை மூடியதும், மலையில் உங்கள் தம்பி கடையில் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனீர்கள். மூன்று வருடமாகிறது. சண்டைக்குச் சொல்லவில்லை.

உங்கள் மைனா

மார்ச் 15

மைனாவுக்கு,

வேலை முதுகை ஒடிக்கிறது. தம்பி பெண்டாட்டி நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். இந்த வயதில் உனக்கு ஊர்சுற்றல் எதற்கு? வெயிலில் விழுந்து வைக்காதே. தோது பார்த்து வந்து அழைத்துக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரர்

மார்ச் 26

என்னங்க,

ஞாயிறன்று போனேன். கப்பலுக்குச் சிமென்ட் ஏற்றிய பாலம் துருப்பிடித்துக் கடலுக்குள் பாதியில் நிற்கிறது. எல்லாரும் அதன் கீழே படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பக்கத்திலிருந்த சுண்ணாம்புச் சூளைக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே நல்ல குளிர்ச்சி. மேலே வட்டமாக வானம். சற்று உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்தால் வேன் இல்லை.

திரும்பி வருவார்கள் என்று வெயில் தாழும்வரை காத்திருந்தேன். யாரும் வரவில்லை. பழைய தண்டவாளத்தோடு நடந்தே வீடு வந்து சேர்ந்தேன். பூட்டைத் திறக்கும்போதுதான் அழுகை வந்தது. ‘ஏன் இவ்வளவு நேரம்’ என்று கேட்க உள்ளே ஆள் இல்லை.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் எழுதுங்கள். நான் அங்கேயே கிடந்திருந்தால் உங்களுக்கு எப்போது தெரிந்திருக்கும்?

உங்கள் மைனா

ஏப்ரல் 9

மைனாவுக்கு,

அதற்குத்தான் போகாதே என்றேன். இங்கே தலைக்கு மேல் வேலை. என் கம்பளியை யார் கையிலாவது கொடுத்தனுப்பு.

உன் வீட்டுக்காரர்

ஏப்ரல் 20

என்னங்க,

கம்பளியோடு உங்கள் மற்றத் துணிகளையும் அனுப்பியிருக்கிறேன்.

குழுவை நடத்தும் நர்ஸம்மா வீடு தேடி வந்தார். “தலையை எண்ணாம கிளம்பிட்டோம்மா, தப்பு எம்மேலதான். மறுபடி வருவீங்களா?” என்றார்.

“வர்றேன். ஆனா எல்லாருக்கும் பின்னாடி நான்தான் நடப்பேன்” என்றேன்.

போன ஞாயிறு அப்படியே நடந்தேன். செருப்பு அறுந்து ஒரு பெரியவர் பின்தங்கிவிட்டார். “நீங்க போங்க, எனக்காக நிக்காதீங்க” என்றார். நின்றேன். இருவரும் மெதுவாக வந்து சேர்ந்தோம். வேன் நின்றிருந்தது.

என்னை அழைத்துப்போக வர வேண்டாம். உங்களுக்கே வரத் தோன்றினால் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு பூட்டியிருக்கும்.

மைனா