பெட்டியைத் திருப்பியது அப்பாதான்

அன்பு மகளுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம், வீட்டுச் சுவரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்றே நம்பிக்கொள்கிறேன். இல்லையென்றால் போனில் உன் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அண்ணனுக்கு வெடி வைக்கும் லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டது என்று அன்றைக்கே மெசேஜ் அனுப்பினேன், நீயும் ஒரு பொம்மை முகத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டாய். விசாரணையில் நடந்ததை முழுசாகச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குப் பாதி தெரியும், தெருவில் பேசிய பேச்சு தெரியாது. பூமிக்குள் தண்ணீரை அழுத்தி இறக்கி, பாறைச் சூட்டில் ஆவியாக்கி எடுக்கும் அந்த மின்நிலையம் வந்த பிறகுதான் தரை அவ்வப்போது உதறுகிறது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் பள்ளிக்கூடச் சுவர் பிளந்த அன்றைக்கு ஒருவரும் அதை நினைக்கவில்லை. அண்ணன் குவாரியில் வெடி போட்டு, எல்லாத் துளையும் வெடித்தாயிற்று என்று சங்கு ஊதிய கொஞ்ச நேரத்தில் அந்தக் குலுக்கல் வந்ததால், ஏதோ ஒரு துளையில் வெடிக்காமல் தங்கிய மருந்து பிறகு வெடித்திருக்கிறது, அவன் சரியாகப் பார்க்காமல் சங்கு ஊதிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வெடி வைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பழி கிடையாது. காய்கறிக் கடையில் எனக்கு முன்னால் நின்றவள், உங்க பையனுக்குக் கை நடுக்கம் ஏதாவது உண்டா அக்கா என்று அக்கறையாகக் கேட்டாள். உண்டு, உன்னை மாதிரி ஆளைப் பார்த்தா எனக்கும் வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவனுக்கோ ஊர் பேசியதைவிட நீ ஒதுங்கிக்கொண்டதுதான் வலித்தது. சொந்த அண்ணன் விஷயம், அன்றைய நில அதிர்வுப் பதிவை நான் தொடமாட்டேன், ஆய்வு மையத்தில் என்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண் பார்ப்பாள் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் போன் வந்தாலே குளிக்கப் போய்விடுவான். ஒருநாள் இரண்டு தடவை குளித்தான்.

அந்தப் பெண் எங்களுக்குப் போனில் பொறுமையாகத்தான் விளக்கினாள். வெடி என்றால் எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும், அதனால் ஊரைச் சுற்றி நீங்கள் வைத்த ஐந்து அதிர்வுப் பெட்டியிலும் முதல் அசைவு மேல்நோக்கித்தான் இருக்க வேண்டுமாம். பாறை வழுக்கியிருந்தால் சில பக்கம் தள்ளும், சில பக்கம் இழுக்குமாம். சின்னக் குலுக்கல் என்பதால் தூரத்துக் கருவிகளில் ஒன்றும் பதியவில்லை, இந்த ஐந்தை விட்டால் வேறு கதியில்லை. நான்கில் மேல்நோக்கிய அசைவு, நம் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பெட்டியில் மட்டும் கீழ்நோக்கி. அப்பாடா என்று நான் உட்காருவதற்குள் அடுத்ததைச் சொன்னாள்: அதே பெட்டியில் பக்கவாட்டு அலை நேர் எதிர்த்திசையிலிருந்து வந்ததுபோல் பதிந்திருக்கிறது, யாராவது தொட்டீர்களா என்று. பெட்டி திரும்பியிருந்தாலும் மேல் கீழ் அசைவு மாறாதாம். ஆனாலும் ஏன் இப்படி என்று தெரியாத பெட்டியை விசாரணையில் தூக்கி எறிந்துவிடுவார்கள், அது போனால் மிச்சம் நான்கும் மேல்நோக்கி, வெடி என்றே ஆகிவிடும் என்றாள்.

நான் தொடவே இல்லை என்றார் அப்பா. கேட்காத கேள்விக்கெல்லாம் தொடவே இல்லை என்றார். பெட்டியின் மேல் அம்புக்குறி வடக்கைப் பார்க்க வேண்டும் என்று நீ சாக்பீஸில் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போனாய், கோடும் இல்லை, தரை பளபளவென்று இருந்தது. பஸ் டெப்போவில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்த மனிதர், வயர் குறுக்கே தொங்குவது அசிங்கமாக இருக்கிறது என்று, தரையைத் துடைத்துவிட்டுப் பெட்டியைப் பாதி சுற்றுத் திருப்பி, வயரைச் சுவரோரமாக அழகாகக் கிளிப் அடித்து வைத்திருக்கிறார். கையும் களவுமாகப் பிடிபட்டதும், இதோ ஒரு நொடியில் சரியா வச்சுடறேன் என்று ஓடினார். நான் கதவில் கை வைத்து மறித்தேன். அளந்து படம் எடுக்காமல் தொட்டீங்கன்னா இன்னிக்கு சாப்பாடு இல்லை என்றேன். அதற்குத்தான் அடங்கினார்.

பெட்டி நகர்ந்ததை எழுதிக் கொடுத்தால் போதாது, திருப்பியவரே வந்து சொல்ல வேண்டும் என்று சுரங்க ஆய்வாளர் ஆள் அனுப்பியபோது அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. ஊரே சிரிக்குமே என்றார். சிரிக்கட்டும், பிள்ளை நிமிர்ந்து நடக்கணும் என்றேன். போனார். அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, நான்தான் ஐயா திருப்பினேன், சுவர் பிளந்ததற்கு முந்தின வாரம், வயர் கண்ணுக்கு உறுத்தலா இருந்தது என்றார். சிரித்தார்கள்தான். மின்நிலையத்து வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை, இந்தப் பதிவைப் படித்தது யார், இவர் மகளா என்று கேட்டார். இல்லை, நான், இவர்களை முன்பின் பார்த்ததே கிடையாது என்று திரையில் அந்தப் பெண் சொன்னாள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பிறகு பாதி சுற்றுக் கணக்கைச் சேர்த்து அலைகளைத் திருப்பிக் காட்டினாள். எல்லாம் ஒரே இடத்தை, அந்தத் தண்ணீர் இறங்கும் ஆழத்தைக் காட்டியது. வெடிக்கு இவ்வளவு பக்கவாட்டு உலுக்கல் வரவே வராது, பாறைதான் வழுக்கியிருக்கிறது என்றாள். இப்போது தண்ணீரின் அழுத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடச் சுவரையும் மின்நிலையமே கட்டித் தருகிறது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் செருப்பைக் கழற்றும்போது, தங்கச்சி அந்தப் பதிவைப் படிச்சிருந்தா வக்கீல் விட்டிருக்கமாட்டார், நான் தொலைஞ்சிருப்பேன்ல என்றான். மீதியை அவனாகவே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நேற்று வேலைக்குத் திரும்பி முதல் வெடி போட்டான். மாலையில் சமையலறையில் வந்து நின்றுகொண்டு, இருந்த டப்பாவையெல்லாம் திறந்து மூடினான். கடைசியில், இன்னிக்கு மதியம் போட்டது அவளுக்கு அங்கே தெரியுமாம்மா, ஐந்துலயும் மேலதானே போயிருக்கும், கேட்டுச் சொல்லேன் என்றான்.

நான் எதற்கு நடுவில்? நீ பார்த்து அவனுக்கே போன் பண்ணிச் சொல். ராத்திரி கண் விழிக்காதே, கண்ணாடியை மாற்று என்று டாக்டர் சொன்னதை மறக்காதே. அப்பா தன் ஆசியைத் தனியாகச் சொல்லச் சொன்னார். எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நீ நிறைவாக இரு.

மறுபடியும் சொல்கிறேன், முதலில் அவனைக் கூப்பிடு. இந்தத் தடவை குளிக்கப் போகமாட்டான்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா