சாமிக்கு விட்ட தக்காளி

2025 பிப்ரவரி 9

இன்றைக்கும் அத்தை ஒரு தக்காளியைப் பறித்து மாட்டுத் தொட்டியில் போட்டுவிட்டார். கேட்டால், "கோடு கோடா சீக்குப் புடிச்சுக் கெடந்துச்சு, அதான்" என்கிறார். சீக்கு இல்லை, அந்த ரகமே அப்படித்தான், காயில் கரும்பச்சை வரி, பழுத்தால் சிவப்பில் மஞ்சள் வரி என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன். மூன்று வருடமாகத் தலையாட்டுகிறார். மாமியாரிடம் இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

மாடு மட்டும் குறை சொல்லாமல் தின்கிறது.

பிப்ரவரி 21

வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தானாக முளைத்த செடியில் முதல் பழம். அணில் கடித்துப் போட்டிருந்தது. மிச்சத்தைக் கழுவி நானே தின்றேன். அளவான புளிப்பு, தடித்த தோல், ஒரு வெடிப்புகூட இல்லை. போன வருடம் அந்த இடத்தில் வரித்தக்காளியும் நாட்டுத் தக்காளியும் பக்கம் பக்கமாக நின்றன. இரண்டும் கலந்திருக்க வேண்டும். வாங்கி வந்த விதையில் முளைத்ததெல்லாம் மாசி வெயிலுக்கே இலை சுருண்டு சாகிறது. இது அசையவில்லை.

விதைக்கு வைத்திருக்கலாமே என்ற புத்தி தின்று முடித்த பிறகுதான் வந்தது. போகட்டும், பூ நிறைய இருக்கிறது.

சேலத்தில் விதைத் திருவிழா நடத்தும் வள்ளியாத்தாள் அக்காவுக்கு, தின்னும் முன் எடுத்த பழத்தின் போட்டோவை அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "இது ஆருகிட்டயும் இல்லாத ரகமாட்ட இருக்குது மைதிலி. ஆடி மாசம் வெதையோட வந்துரு. உன்ற பேர்லயே மேசை போட்டுடறேன்."

என் பேரில்! இந்த வீட்டில் கேஸ் புத்தகம்கூட என் பேரில் இல்லை.

மார்ச் 14

சத்தீஸ்கரிலிருந்து வீட்டுக்காரர் போன். போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு போனால் இப்படித்தான், வாரம் ஒரு தரம் பேச்சு, அதுவும் உத்தரவு.

"மழைக்கு வண்டி ஊருக்கு வந்தா சேத்துல பொதையுது. பொடக்காணி பூரா காங்கிரீட் போட்டுடலாம். கோவில் நோம்பி முடிஞ்சதும் ஆளுக வருவாங்க, பாத்துக்கோ."

"என்ற செடிகளெல்லாம் இருக்குதுங்களே?"

"தக்காளிதான? எருமப்பட்டி சந்தையில கெடைக்காததா?"

போனை வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். பொடக்காணி போனால் போகட்டும். விதை கையில் இருந்தால் மொட்டை மாடியில் பெயிண்ட் டப்பாவில்கூட முளைக்கும்.

ஏப்ரல் 3

வெயிலுக்குப் பூவெல்லாம் கொட்டிவிட்டது. தங்கியது ஒரே ஒரு காய்.

ஏப்ரல் 19

காய்க்கு நிறம் திரும்புகிறது. யாரும் பறித்துவிடக் கூடாதே என்று காம்புக்கு மேலே துணி கட்டினேன். கைக்குக் கிடைத்தது பழைய மஞ்சள் சேலையின் ஓரம்தான்.

கோயம்புத்தூரில் படிக்கிற மகளிடம் சொன்னேன். "நான் வந்து கண்ணால பாக்காம அறுத்துராதம்மா" என்றாள். யுவஸ்ரீ என்று வைத்த பேர் காலேஜுக்கு மட்டும்தான். வீட்டில் எல்லாருக்கும் அவள் சாமி. நோம்பிக்கு வருகிறாள்.

சாயந்திரம் அத்தை செடிப் பக்கம் போனார். நான் அடுப்படியில் இருந்து கத்தினேன். "அதத் தொட்டறாதீங்க அத்தை! அது சாமிக்கு உட்டிருக்குது!"

"அப்படீங்களா? செரி செரி" என்று கையை இழுத்துக்கொண்டார். முதல் தடவையாக என் சொல்லைக் கேட்டார். மனசு குளிர்ந்தது.

ஏப்ரல் 29

பழத்தைக் காணோம்.

காலையில் சாமி பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பொடக்காணிக்குத்தான் ஓடினாள். செடி இருக்கிறது, துணி இல்லை, பழம் இல்லை. அத்தை குளித்து, திருநீறு பூசி, கோவிலிலிருந்து நிறைந்த முகத்தோடு வருகிறார். "நீ நேந்து உட்டதத் துணியோட கொண்டுபோயி ஆத்தா காலடியில வெச்சுட்டு வந்துட்டேன் மைதிலி. பூசாரியே அசந்துட்டாரு, இப்படியொரு பழம் பாத்ததில்லன்னு."

எந்தச் சாமிக்குன்னு நான் சொன்னேன்? எந்தச் சாமிக்குன்னு இவங்க கேட்டாங்களா? மஞ்சத் துணிய வேற கட்டி வெச்சிருக்கேன். என்ற வாயாலயே குடுத்திருக்கேன்.

கோவிலுக்கு ஓடினேன். எலுமிச்சம்பழங்களுக்கு நடுவில் இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டுத் திரும்பினேன், வேறென்ன செய்ய? நோம்பி முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்களாம்.

"வேற வெதை ஆன்லைன்ல வாங்கிக்கலாம்மா" என்கிறாள் மகள்.

மே 1

நோம்பிக்கு வந்திருந்த அவரிடம் காலையிலேயே கெஞ்சிவிட்டேன். "ஏலத்துல அந்தப் பழத்த மட்டும் எப்படியாச்சும் எடுத்துருங்க." சிரித்தார். ஆனால் ஏலத்தில் கோழிப்பண்ணைக்காரர் ஒருத்தர் போட்டிக்கு வந்ததும் இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. விடவே இல்லை. கடைசியில் மாலையும் கழுத்துமாக, பழத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தார். கல்யாணத்தன்றுகூட அவரைப் பார்த்து நான் அத்தனை சந்தோஷப்பட்டதில்லை.

கை நீட்டினேன். தரவில்லை.

"இது வண்டிக்கு. முன்னாடி ஆத்தா படத்துக்கிட்ட வெச்சா இந்த சீசன் பூரா போடற குழியிலெல்லாம் தண்ணி உளுகும்."

"அறுத்து வெதைய மட்டும் எடுத்துக்கறனுங்க. மிச்சத்தக் கொண்டு போங்க."

"சாமி பொருள்ல கத்தி வெக்கறதா? உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?"

அத்தையும் அதையே சொன்னார். மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகைகூட வரவில்லை, ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரிடம் காட்ட?

மே 6

ஜல்லி வந்து இறங்கியது. செடியைத் துவைக்கிற கல்லோடு சேர்த்துப் பெயர்த்துவிட்டார்கள். செடியில் இரண்டு கிளையை ஒடித்துத் தண்ணீரில் போட்டிருக்கிறேன். வேர் விடும் என்பார்கள்.

மே 13

அழுகிவிட்டது. இரண்டும்.

மே 20

அவர் போன். குரலில் அத்தனை குஷி. பழம் வாடி நீர் விட ஆரம்பித்ததாம். சாமி பொருள் காலில் மிதிபடக் கூடாது, தண்ணீரில்தான் விட வேண்டும் என்று ஆளுகள் சொன்னார்களாம். தோண்டிக்கொண்டிருந்த போர்க்குழியிலேயே போட்டுவிட்டாராம்.

"முந்நூறு அடியில பீச்சிக்கிட்டு வந்துச்சு பாரு தண்ணி!"

நல்லதுங்க என்றேன். 

ஜூலை 27

விதைத் திருவிழா. வள்ளியாத்தாள் அக்கா கூப்பிட்டார். "மேசை காலியா இருக்குது, எங்க வந்துட்டிருக்கற?" உடம்பு சரியில்லை என்றேன். என் பேர் எழுதிய அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். எழுத்து அழகாக இருந்தது. பார்த்துவிட்டு அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16

வண்டி வந்துவிட்டது. பொடக்காணி முழுக்க நிற்கிறது. நல்ல மழை, ஒரு அங்குலம்கூடப் புதையவில்லை என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

இன்றைக்கு இரண்டு ரிக் முதலாளிகள் வீடு தேடி வந்தார்கள். அந்தத் தக்காளி வண்டியில் ஏறிய பிறகு இவர் போட்ட குழியிலெல்லாம் தண்ணீர் என்று பேச்சு பரவியிருக்கிறது. தங்கள் வண்டிக்கும் ஒன்று வேண்டுமாம். காபி கொடுத்தேன். அவர் பெருமையாக என் பக்கம் திரும்பினார். "மைதிலி, அடுத்த சீசனுக்குள்ள அதே மாதிரி நாலு பழம் காய்க்க வெச்சுரு. உனக்கு எடந்தான வேணும், எங்க வேணும்னு சொல்லு."

"உங்க வண்டிக்கு அடியிலதானுங்க" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். காபி நன்றாக இருக்கிறது என்றார் ஒருத்தர்.