ஒரு முழக் கயிறு

மார்ச் 9

சின்னவனுக்கு,

"அன்புள்ள" என்று தொடங்கத்தான் கை போயிற்று. நிறுத்திவிட்டேன்.

எட்டு நாளாகப் போன் செய்கிறாய். நான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் மனசு இளகிவிடும், கோபம் பாதியில் நின்றுபோகும். அது நடக்கக் கூடாது. அதனால்தான் கம்ப்யூட்டரில் தட்டுகிறேன். தட்டத் தட்ட அது எனக்கு வாசித்துக் காட்டுகிறது. நீயும் கடிதமாகவே எழுது. அதையும் அதுவே வாசிக்கும், நடுவில் ஆள் வேண்டாம்.

நடந்ததை நீ ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறாய் என்று காதில் விழுந்தது. நான் பட்ட விதத்தையும் ஒரு தடவை கேள்.

அந்தக் கயிறு ஒரு முழம். இரண்டு முனையிலும் வளையம். ஒன்று உன் கையில், ஒன்று என் கையில். எனக்குக் கண் போன மறுவருஷத்திலிருந்து, ஒன்பது வருஷமாக, அதைப் பிடித்துக்கொண்டுதான் நாம் ஓடுகிறோம். அன்றைக்கு மாரத்தானில் முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் "முப்பது" என்றாய். நான் "சரி" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. கால் என்னுடையதா உன்னுடையதா என்று தெரியாத நிலை. உன் தாவோ வகுப்பு மாஸ்டர் மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் சொல்கிறாரே, ஓடுகிறவர் காணாமல் போய் ஓட்டம் மட்டும் மிச்சமிருக்கும் என்று, அது வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது கயிறு தொய்ந்தது. நீ வளையத்தைக் கை மாற்றுகிறாய் என்று எண்ணி நாற்பது அடி அப்படியே ஓடினேன். பிறகு உன் பக்கத்து வளையம் என் முழங்காலில் வந்து அடித்தது. அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நின்றேன். பின்னால் வந்த ஒருவன் தோளில் இடித்துவிட்டு, என்னையே திட்டிக்கொண்டு போனான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் ஓடுகிறார்கள். சாலை ஓரம் எது என்று தெரியவில்லை. கையை நீட்டிக்கொண்டு உன்னை வீட்டில் கூப்பிடுகிற பெயரால் கூப்பிட்டேன். ஐம்பது வயசுக்காரி நடுரோட்டில் நின்று "சின்னவனே, சின்னவனே" என்று கத்தினேன். தண்ணீர் கொடுக்கிற மேசையிலிருந்து ஒரு அம்மாள் ஓடிவந்து, கையைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தார். யாரோடு வந்தேன் என்று கேட்டார். தம்பியோடு என்றேன். அவர் எங்கே என்று கேட்டார். நான் என்ன சொல்ல?

பதினொரு நிமிஷம். அந்த அம்மாள் கடிகாரம் பார்த்துச் சொன்ன கணக்கு.

வந்து சேர்ந்தாய், மூச்சு இரைத்தது. வந்ததும் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "கயிறு தேவைப்படலைக்கா. அது தானா விட்டுப்போச்சு." கயிறு விட்டதால் நம் ஓட்டம் செல்லாது என்று போட்டி நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். அது போகட்டும், எனக்கு அதில் வருத்தம் இல்லை.

நீ லிப்ட் மெக்கானிக். ஆறாவது மாடியில் ஆட்களோடு நிற்கிற லிப்ட்டின் கம்பியை, இனி இது தேவைப்படாது என்று கழற்றிவிடுவாயா? ஒரு நட்டை மூன்று தடவை சரிபார்க்கிறவன் நீ. அந்த நிதானம் உன் அக்கா விஷயத்தில் மட்டும் எங்கே போயிற்று?

பதில் எழுது. ஒழுங்காக எழுது.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போடாவிட்டால் என்ன, நான் போடுகிறேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். நீ இடிபட்டதற்கு, கத்தியதற்கு, அந்த அம்மாளுக்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்ததற்கு, எல்லாவற்றுக்கும். உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன்.

ஆனால் நான் உன்னைக் கைவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. கால் யாருடையது என்று தெரியாத நிலை என்று நீயே எழுதியிருக்கிறாய். அதேதான் எனக்கும். ஒன்பது வருஷமாக வலது, இடது, பள்ளம், வேகத்தடை என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நான். அன்றைக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. வழி காட்டுகிறவனும் இல்லை, வழி கேட்கிறவளும் இல்லை. தண்ணீர் தன்பாட்டுக்குப் போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தோம். நான் கையை விடவில்லை அக்கா, கை தானாகத் திறந்தது. அதற்குள் கூட்டம் நடுவில் புகுந்துவிட்டது. அதில் நின்று உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மாஸ்டரிடம் சொன்னேன். வருஷக்கணக்காக ஓடுகிறவர்களுக்கும் கிடைக்காத கணம் அது என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசச் சொன்னார். பேசினேன். இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். நீயும் இருந்திருந்தால் உனக்கும் புரிந்திருக்கும்.

என் வீட்டுக்காரி, இதெல்லாம் எழுதாமல் நேரே போய் அக்கா காலில் விழு என்கிறாள். மகள், அத்தை ஏன் இரண்டு வாரமாக வரவில்லை என்று நச்சரிக்கிறாள். உன் குளியலறைக் கைப்பிடி ஆடுகிறது என்றாயே, வந்து முடுக்கித் தருகிறேன். இந்த ஞாயிறு வழக்கம்போல ஆறு மணிக்கு வரட்டுமா?

அன்புடன்,
சின்னவன்

மார்ச் 17

சின்னவனுக்கு,

உன் கடிதத்தைக் கம்ப்யூட்டர் வாசித்தது. அதற்கு ஏற்ற இறக்கம் கிடையாது. "வழி காட்டுகிறவனும் இல்லை" என்பதையும் "கைப்பிடி ஆடுகிறது" என்பதையும் மளிகை லிஸ்ட் மாதிரி ஒரே குரலில் வாசித்து முடித்தது. அப்படிக் கேட்டதில் ஒரு லாபம், அதில் கைப்பிடி மட்டும்தான் உண்மை என்று எனக்குப் பட்டது.

என்னை வைத்துக் கூட்டத்தில் பேசினாயா? நடுரோட்டில் நின்றவள் நான், கைதட்டல் உனக்கா? அழுதார்களே இரண்டு பேர், அவர்களில் ஒருவராவது "அப்ப அந்தம்மா என்ன ஆனாங்க?" என்று கேட்டார்களா? மாஸ்டராவது கேட்டாரா? அவர் கண்ணை ஒரு துண்டால் இறுக்கிக் கட்டி, அதே சாலையில் பதினொரு நிமிஷம் நிற்கச் சொல். நின்ற பிறகு அது என்ன கணம் என்று அவர் சொல்லட்டும், நான் மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொள்கிறேன்.

நான் அந்தச் சீனத்துத் தாவோவைத் திட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அதை உன்னிடமிருந்து காப்பாற்றத்தான் மெனக்கெட்டு எழுதுகிறேன். செய்யாமல் செய்வது என்றால் என்ன என்று நீ வட்டமாக உட்கார்ந்து கற்றுக்கொண்டாய். எனக்கு அது அந்த ஒரு முழக் கயிற்றில்தான் பிடிபட்டது. நீ இழுக்க மாட்டாய், நான் தொங்க மாட்டேன். திருப்பம் வருகிறது என்று உன் வாய் சொல்வதற்கு முன்னால் கயிறு சொல்லிவிடும். யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் பதில் தெரியாது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, எறிந்ததற்குத் தாவோ என்று நீ பெயர் வைக்கிறாய். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்று அடக்கி வைத்திருந்தேன், நீதான் சொல்ல வைக்கிறாய்.

அன்றைக்கு முதலுதவிக் கூடாரத்தில் உட்கார வைத்ததும் உன் காலைப் பிடித்துவிட்டேன். எப்போதும் செய்கிறதுதான். கோபத்திலும் கை தன் பழக்கத்தில் உன் கெண்டைக்காலுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவில் பத்து வருஷம் கண்ணோடும் பத்து வருஷம் கண் இல்லாமலும் இந்த வேலையைத்தான் செய்கிறேன். என் வேகத்தில் முப்பது கிலோமீட்டர் ஓடினால் உன் கெண்டைக்கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஓடாத கால் மாதிரி மெத்தென்று இருக்கும். அன்றைக்குக் கல்லாக இருந்தது. உள்ளே தசை துடித்துக்கொண்டிருந்தது. முழு மூச்சில் பாய்ந்த கால் அது. கூட்டத்தில் நின்று தேடிய கால் அப்படி இருக்காது.

நீ எங்கே போனாய்?

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். கைப்பிடியை நானே முடுக்கிவிட்டேன்.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. நான்கு கடிதம் எழுதி அழித்தேன். எல்லாவற்றிலும் தண்ணீர், மேகம், வெறுமை என்று ஏதாவது ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் வராது.

நெட்டையனை உனக்கு நினைவிருக்கும். பழைய கிளப்பில் என்னோடு ஓடியவன். எந்தப் போட்டியானாலும் எனக்குப் பின்னால்தான் வருவான். உனக்குக் கண் போன பிறகு நான் கிளப்பை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை, நானாகத்தான் விட்டேன். அவன் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறான். முப்பத்தோராவது கிலோமீட்டரில் பின்னாலிருந்து வந்து என் பக்கத்தில் சேர்ந்தான். கயிற்றைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சிரித்துவிட்டு முன்னால் போனான்.

நான் வளையத்தை விட்டேன். கை தானாகத் திறந்தது என்பதெல்லாம் பொய். நான்தான் விட்டேன்.

அவனைப் பிடிக்கிற வரைக்கும் ஓடினேன். பிடித்தேன், முந்தினேன், அவன் காலடிச் சத்தம் பின்னால் தேய்கிற வரைக்கும் போனேன். அதற்குப் பிறகுதான் நீ ஞாபகத்துக்கு வந்தாய். அதுவரைக்கும் வரவே இல்லை அக்கா. மனசு காலியாக இருந்தது என்று கூட்டத்தில் சொன்னேன். காலியாக இல்லை. அவன் முதுகு இருந்தது.

திரும்பி ஓடிவரும்போது உன்னிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நீ ஓரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அந்த வார்த்தை வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு எனக்கே அது நிஜம்போல இருந்தது. மாஸ்டர் மெச்சியதும் இன்னும் நிஜமாகிவிட்டது.

போன ஞாயிறு கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் அழவில்லை. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, அதுவும் தாவோதான் என்றார். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னோடு ஓடியது எனக்குப் பிடிக்காமல் இல்லை. அதுவும் உண்மை. ஆனால் அந்த ஐந்து நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

சின்னவன்

ஏப்ரல் 6

அன்புள்ள சின்னவனுக்கு,

கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. ஆனால் இது வேறு கோபம். நெட்டையனை நீ முந்தினாய் என்று கேட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவனுக்கு நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது. அவன் சிரித்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வயிறெரிந்தது. தெரிந்திருந்தால் நானே உன்னைத் துரத்தி விட்டிருப்பேன்.

என் கோபம் அந்த ஒன்பது வருஷத்தின் மேல். ஒவ்வொரு ஞாயிறும் ஓடி முடித்ததும் "சுகமா இருந்துச்சுக்கா" என்பாய். ஒரே ஒரு தடவை, இன்றைக்கு வேகமாக ஓட வேண்டும் போலிருக்கிறது என்று வாயைத் திறந்திருந்தால், வேறு ஆள் பார்த்துக்கொண்டு உன்னை அனுப்பியிருக்க மாட்டேனா? என்னைப் பற்றி என்னதான் நினைத்தாய்? உடைந்துபோவேன் என்றா? நடுரோட்டில் விட்டபோதே உடையவில்லை நான்.

இதோடு முடித்து அனுப்பத்தான் இருந்தேன். நேற்று ஒன்று நடந்துவிட்டது.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். முப்பது வயசிருக்கும். ஓடுவாள் என்று கேள்விப்பட்டு, என்னோடு கயிறு பிடித்து ஓட வருவாயா என்று கேட்டிருந்தேன். நேற்றுக் காலையில் மைதானத்தில் ஓடினோம். பள்ளத்தைச் சொல்ல மறந்து மாமியார் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டு தடவை தடுக்கினேன். மாஸ்டர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார், அவ்வளவு பேச்சு. நான்காவது சுற்றில், அவள் கதைக்கு நடுவில் சும்மா கேட்டு வைத்தேன், உனக்கு இந்த வேகம் போதுமா என்று.

அவள் யோசிக்கவே இல்லை. "எங்க போதும்க்கா? நான் இதைவிட வேகமா ஓடுவேன். இன்னைக்கு உங்களோட, நாளைக்கு எனக்கு" என்றாள். சொல்லிவிட்டு மாமியார் கதைக்கே திரும்பிப் போய்விட்டாள்.

நான் நின்றுவிட்டேன். கால் வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உன்னிடம் நான் அதைக் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒவ்வொரு வருஷமாக யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை. கேட்க எனக்குத் தோன்றவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஞாயிறுதோறும் உன் காலைப் பிடித்துவிட்டவள் நான்தானே. அது ஓடாத கால் மாதிரி இருந்தது என்று உனக்குப் பாடம் எடுத்தவளும் நான்தானே. கை சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு நீ வேண்டியிருந்தது, அதனால் கேட்கவில்லை.

இந்தக் கோபத்தில் பாதியை நான் வைத்துக்கொள்கிறேன். மீதி உனக்குத்தான். நீயும் வாயைத் திறக்காமல்தானே இருந்தாய்.

இனி நாம் சேர்ந்து ஓட வேண்டாம். இது தண்டனை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ தனியாக ஓடு, உன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகமாக. குளித்துவிட்டு மதியம் இங்கே சாப்பிட வா. வீட்டுக்காரியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வா. இலேசாகத் தாமதமானாலும் பரவாயில்லை, காத்திருப்பேன்.

உட்கார்ந்ததும் ஓட்டம் எப்படி இருந்தது என்று கேட்பேன். "சுகமா இருந்துச்சுக்கா" என்று மட்டும் சொன்னாயானால், சாப்பிடுகிற தட்டைப் பிடுங்கிவிடுவேன்.

அன்புடன்,
அக்கா