பட்டைக் கிழித்த ராஜாவும் என் தம்பியும்

முருகா, என் ராசா,

ராசா என்று கூப்பிடவே இப்போது நாக்கு தயங்குகிறது. எல்லாம் ஒரு சினிமா செய்த வேலை. அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று நின்று யோசிக்கிறேன், உள்ளே பால் பொங்கி வழிகிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நீ இருந்திருந்தால், "ரேடியோவ ஆஃப் பண்ணுக்கா, பேஜாரா கீது" என்பாய். இப்போது உன்னால் சொல்ல முடியாதல்லவா, கேள்.

நம் தெருவே அந்தப் படத்துக்குப் போனது. ராஜா காலத்துக் கதை. அதில் ராஜா உடுத்தும் பட்டெல்லாம் நம் ஆரணியில், அதுவும் நம் தெரு முதலாளியிடம் வாங்கியதாம். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. தறிக்காரர்கள் எல்லோருக்கும் அவரே டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். நானும் உன் மகள் கௌரியும் போனோம். உன் பெண்டாட்டி தலைவலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். கதை இன்னதென்று அவளுக்கு முன்பே யாராவது சொல்லியிருப்பார்களோ?

ராஜா வந்ததும் விசில் பறந்தது. ராஜாவுக்கு இல்லை, வேட்டிக்கு. கதை போகப் போக அவருக்குப் புத்தி பேதலிக்கிறது. எப்படிக் காட்டுகிறார்கள் என்கிறாய்? தலைமுடியை விரித்துப் போட்டு, கண்ணை உருட்டி, சிவப்பு வெளிச்சத்தில் ஒரே சிரிப்பு. தூணில் சங்கிலியால் கட்டிப்போடுகிறார்கள். கடைசியில் ராணி வந்து ஒரு பாட்டுப் பாடுகிறாள், சரியாகிவிடுகிறது! அட தெய்வமே, பாட்டிலேயே சரியாகும் என்றால் மாதாமாதம் உன்னை இழுத்துக்கொண்டு நான் எதற்கு வேலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்? என் குரலுக்கு உனக்கு இன்னும் அதிகமாகியிருக்கும், அது வேறு விஷயம்.

நடுவில் ஒரு இடம் வருகிறது. ராஜா தன் பட்டு அங்கவஸ்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து சர்ரென்று கிழிக்கிறார். கொட்டகையே பதறிப்போனது. "அடப்பாவி, பட்டுடா அது!" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். "எவன் உக்காந்து நெய்ஞ்சானோ, இவன் கையில கட்டி முளைக்க!" என்றாள் ஒருத்தி. நானும்தான் "ஐயோ ஜரிகை!" என்று கத்தினேன். துணிக்காக உச்சுக்கொட்டினோம், அந்த மனுஷனைப் பார்த்துச் சிரித்தோம். இந்த ஊரைத் தவிர வேறெங்கே இப்படி நடக்கும், சொல்.

கௌரி சிரிக்கவில்லை. என் கைக்குள் வைத்திருந்த கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

வீடு திரும்ப சேவூர் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கேட்டாள்.

"அத்த, அப்பா இப்டித்தான் இருந்தாரா?"

"யாருடி சொன்னது?"

"யாரும் எதுவும் சொல்றதில்லையே, அதான் கேக்கறேன். ஸ்கூல் படிக்கறப்ப ஒருத்தி என்னைப் பைத்தியக்காரன் பொண்ணுன்னா. அம்மாவக் கேட்டா அழுதுகினு உள்ள போயிடுது." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம கலசப்பாக்கத்துலேந்து பொண்ணு பாக்க வரவங்கள வர வேணாம்னு சொல்லிடு. நாளைக்கு எனக்கும் அப்டி வந்துட்டா?" என்றாள்.

இந்த ரேடியோ அப்போதுதான் நிஜமாகவே நின்றுபோனது, முருகா. பஸ் வந்தது, ஏறினோம், இறங்கினோம்.

கௌரி கேட்டதை உன் பெண்டாட்டியிடம் சொன்னால், அவள் கையெடுத்துக் கும்பிடுகிறாள். "நீங்க வாயத் தொறக்காதீங்க அண்ணி. மாரடைப்புல போனாருன்னு மட்டும் சொன்னா போதும்." அது பொய்யில்லை, மாரடைப்பில்தான் போனாய். அவளையும் குறை சொல்ல மாட்டேன், தெருவின் வாய்க்கு அஞ்சி அஞ்சியே இந்தப் பெண்ணை வளர்த்தவள். ஆனால் நீ செத்த விதம் மட்டும்தானா நீ?

இன்று காலை நம் தறியில் புதுப் பாவு ஏற்றினோம். பழைய பாவின் இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கும் வேலை உனக்குத் தெரியாததா? கௌரியைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தேன். இழை வழுக்காமலிருக்க சாம்பலைத் தொட்டுத் தொட்டு முறுக்கிக்கொண்டே சொன்னேன்.

"உங்கப்பன் சிரிக்கலடி. எதையும் கிழிக்கல. தறியில வந்து உக்காருவான், கால் மிதிக்காது, கை நாடா தள்ளாது. சோறு வெச்சா வெச்சது வெச்சபடி இருக்கும். ஊருல சோம்பேறின்னாங்க. மாத்திர சாப்ட்டு தேறுவான், நெய்வான், பக்கிரி கடையில கறிக்கு சண்ட போடுவான். மறுபடி சுணங்குவான், மறுபடி தேறுவான். நெய்ய முடியாத நாள்லயும் இந்த வேலைய மட்டும் விடமாட்டான். ரெண்டு பேரும் இப்டித்தான் எதிரெதிர உக்காந்து, பேச்சே இல்லாம செய்வோம்."

"நீ பேசாமயா?"

"அவன் பேசமாட்டான்னு சொன்னேன்!"

அவள் சிரிக்கவில்லை. என் சாம்பல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, சின்ன வயசுல ஒருத்தர் சாம்பக் கையால என் கன்னத்துல பூனை மீசை போடுவாரு. மாமான்னே நெனச்சிகினு இருந்தேன். அது அப்பாவா?"

"உங்க மாமன் பஸ் கண்டக்டர்டி. அவன் என்னைக்கு சாம்பலத் தொட்டான்?"

முருகா, அவள் அழுத அழுகையைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உன்னைப் பற்றி ஒன்றுமே ஞாபகமில்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்த பெண் அவள். மூன்று வயதில் பார்த்த உன்னை மாமன் பெயரில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். நானும் அழுதேன். இழை நாலைந்து அறுந்தது, அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சாம்பலைத் தொட்டாள். "அவங்க வரட்டும் அத்த. ஆனா நான்தான் சொல்லுவேன். எங்கப்பாவுக்கு இன்னா இருந்துச்சு, எப்டி இருந்தாரு, எல்லாம். எனக்கு வருமா வராதான்னு தெரியாது, வந்தா டாக்டர்கிட்ட போவேன்னு சொல்லுவேன். நீ மட்டும் குறுக்க பேசக் கூடாது."

அவர்களும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்களே? காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார்களா, மாப்பிள்ளைப் பையன் ஒரு கேள்வியாவது மனுஷனாகக் கேட்பானா? எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ஒன்று, தம்பி. ஞாயிற்றுக்கிழமை உன் மகள் உன்னைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாவது உட்கார்ந்திருப்பேன். உன் மேல் ஆணை.

பிறந்ததிலிருந்து வாயை மூடி அறியாத,
உன் அக்கா