ஜுரம் விட்ட பிறகு

மே 8, வியாழன்

இன்று முப்பத்திரண்டு ஃபிலிம் பார்த்து முடித்தேன். வெல்டிங் செய்த குழாய்களின் எக்ஸ்ரே ஃபிலிமை ஒவ்வொன்றாக வெளிச்சப் பெட்டியில் வைத்து, விரிசல் இருக்கிறதா என்று தேடுவதுதான் பதினான்கு வருஷமாக என் வேலை. ஆனாலும் மத்தியானத்துக்கு மேல் அந்தச் சாம்பல் நிறம் இரும்பாகத் தெரிவதில்லை. மழைக்கு முந்தைய வானம். ஈர மணல். யாரோ போர்த்திக்கொண்டு தூங்குகிற போர்வை.

கம்பெனி பஸ்ஸில் வரும்போது ராமச்சந்திராபுரம் முழுக்கக் கொன்றை பூத்திருந்தது. வீட்டில் அண்ணா, என் பெண் நித்யாவுக்கு மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தான். என் இடது சிறுநீரகத்தை அவனுக்கு வைத்து இன்றோடு பதினோரு மாதம். "உன்னுது சமத்தா வேலை பண்றதுடி பூர்ணா" என்றான், பள்ளிக்கூடம் போகிற குழந்தையைப் பற்றிச் சொல்வது போல.

வாசலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, அவன் அறைக் கதவருகே ஒன்று என்று சானிடைசர் பாட்டில் வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் தடவிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். நித்யாவின் அப்பா ஒடிசா சைட்டிலிருந்து வந்தாலும் விலக்கில்லை. என் சட்டம்.

மே 11, ஞாயிறு

நித்யாவுக்கு ஜுரம், நூற்றிரண்டு. தொண்டை சிவந்திருக்கிறது. இரண்டு கண்ணும் செம்பருத்தி. "கள்ளு மண்டுதுன்னாயி அம்மா" என்று அழுதாள். கண் எரிவதைக்கூடப் பள்ளிக்கூடத் தெலுங்கில்தான் சொல்கிறாள். அண்ணா கதவுக்குப் பின்னாலிருந்து, "ஏழு வயசுக்கே கள்ளா?" என்றான். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

நீச்சல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பார்த்தால் இன்னும் ஐந்து குழந்தைகளுக்கு இதே மாதிரி. கோடை வகுப்பு ஆரம்பித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை.

அண்ணா கதவைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மே 13

லீவு. நித்யா தூங்க, நான் பக்கத்தில். மின்விசிறியின் சத்தம், எங்கோ ஒரு குயில், ஈரத்துணி. அவள் கண்ணோரத்தில் சேர்ந்ததை என் துப்பட்டா நுனியால் துடைத்தேன். அப்புறம் என் முகத்தையும் அதிலேயே துடைத்துக்கொண்டேன். வெயில் வேறு.

மே 15

ஜுரம் விட்டது. தோசை கேட்டாள்.

சாயங்காலம், "மாமாகூட செஸ், ஒன் கேம், ப்ளீஸ்மா" என்றாள். நாலு நாளாகத் தனியாக அடைந்து கிடக்கிறான் அவனும். ஜுரம்தான் விட்டுவிட்டதே. கையில் சானிடைசர் தடவி அனுப்பினேன். உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே சமைத்தேன்.

மே 20

வலது கண்ணில் மணல் விழுந்த மாதிரி. கழுவினாலும் போகவில்லை.

மே 21, புதன்

கண் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெந்நீர் வைத்துத்தான் திறந்தேன். டாக்டர் ஆக்னஸிடம் போனேன். திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்தவர், நம் தமிழ் பேசுவார். காதுக்கு முன்னால் தொட்டுப் பார்த்தார், வலித்தது. "அடினோவைரஸ். பொண்ணுக்கு வந்ததும் இதுதான். குளத்துல ஆரம்பிக்கும், வீட்ல சுத்தும்" என்றார்.

ஆன்டிபயாடிக் ஒன்றும் கிடையாதாம். குளிர்ந்த துணி ஒற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மருந்துக் கடையில் யாராவது சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு சொட்டு வாங்கி ஊற்றக்கூடாது. கண்ணில் தண்ணீர் வடிவது நிற்கிற வரைக்கும், எப்படியும் இரண்டு வாரம், வேலைக்குப் போகக்கூடாது.

"வீட்ல சின்னக் குழந்தை, வயசானவங்க யாராச்சும்?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"டிரான்ஸ்பிளான்ட்டா? அவர் இருக்கிற வீட்லயா?"

"எல்லாக் கதவுலேயும் சானிடைசர் வெச்சிருக்கேன் டாக்டர்."

"சானிடைசர் இதுக்குச் சரியா வேலை செய்யாதும்மா. கொரோனாவுக்கு மேலே ஒரு கொழுப்பு உறை இருந்துச்சி, ஸ்பிரிட் பட்டா கரைஞ்சிடும். இதுக்கு அந்த உறையே கிடையாது. சோப்பு போட்டு, குழாய்த் தண்ணியில, இருபது செகண்ட் நல்லாத் தேய்க்கணும். கைப்பிடி, ரிமோட், ஸ்விட்ச் எல்லாம் பிளீச்சிங் தண்ணியால துடைக்கணும். பொண்ணுக்கு ஜுரம் விட்டாலும் வாரக்கணக்குல அவகிட்டேயிருந்து வந்துட்டே இருக்கும்."

ஆறு நாளாக அவள் மாமாவோடு செஸ் ஆடிக்கொண்டிருக்கிறாள். நானே அனுப்பினேன்.

"அவருக்கு ஜுரமோ, யூரின்ல எரிச்சலோ, சிவப்போ தெரிஞ்சா, காலைல பார்க்கலாம்னு நினைக்காதீங்க. அன்னிக்கே போகணும்" என்றார்.

மே 22

நித்யாவின் அப்பாவிடம் போனில் சொன்னேன். அண்ணாவின் மருத்துவமனையில் ஒருங்கிணைப்பாளர் பானுவிடமும் சொன்னேன். காஞ்சன்பாக்கில் அண்ணாவுக்கு அலுவலகக் குவார்ட்டர்ஸ் இருக்கிறது. அங்கே போய்விடு என்றால், "நக்கோ, வேண்டாம். பதினோரு மாசமா பூட்டிக் கெடக்கு, தூசி. இங்கேயே கதவைச் சாத்திண்டு இருக்கேன்" என்றான். இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்க வேண்டாமா நான்?

துண்டு, தலையணை உறை, எல்லாம் வெந்நீரில். சோப்பு நாலு இடத்தில். இருபது விநாடி எவ்வளவு நீளம் என்று இன்றுதான் தெரிந்தது.

மே 24

இரண்டு கண்ணும். திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கிடக்கிறேன். பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன், வரி எங்கே போகிறதோ.

கண் மூடியிருந்தால் வீடு முழுக்கக் கேட்கிறது. அண்ணா நாற்காலியை நகர்த்துவது. நித்யா குழாயடியில் ஒன்று, இரண்டு என்று இருபதுவரை எண்ணுவது. எங்கேயோ தண்ணீர். எல்லாம் குளத்தின் அடியிலிருந்து கேட்கிற மாதிரி. நான்தான் மூழ்கியிருக்கிறேன், அவர்கள் மேலே நடக்கிறார்கள்.

மே 27, செவ்வாய்

நித்யா வந்து காதில் சொன்னாள்: "அம்மா, மாமா பாத்ரூம்ல ஃப்ளஷ் பண்ண மறந்துட்டாங்க. வாட்டர் ரெட்டா இருக்கு."

அவளை ஏன் அந்தப் பக்கம் விட்டேன்? பந்து உருண்டு போனதாம். அவளைத் திட்டக்கூடாது. அவள் போனதால்தான் தெரிந்தது.

கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"எத்தனை நாளா அண்ணா?"

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"அண்ணா!"

"முந்தாநாள்லேர்ந்து எரியறது. வெயில் சூடுன்னு நெனச்சேன். உன்கிட்டப் போய் எப்படிடி இதையெல்லாம் சொல்றது?"

"என் கிட்னி பத்தி என்கிட்டச் சொல்லாம யார்கிட்டச் சொல்லுவே?"

கத்திவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நூற்றொன்று. பானுவுக்குப் போன் செய்தேன். உடனே வரச்சொன்னாள். டாக்ஸியில் மாஸ்க் போட்டுக்கொண்டு தனியாகப் போனான். ஜன்னலிலிருந்து கை காட்டினேன். அவன் காட்டினானா, தெரியவில்லை. எல்லாம் கலங்கல்.

மே 28

நான் போகமுடியாது. என் கண்ணீர்தான் இப்போது அந்த வார்டுக்கே ஆபத்து. ஒடிசாவிலிருந்து இவர் வந்து நேராக மருத்துவமனைக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வரவேண்டாம் என்று நானே சொன்னேன்.

மே 30

சிறுநீரிலும் ரத்தத்திலும் அதே வைரஸ்.

கிரியேட்டினின் எண் ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று அர்த்தம். ஒன்று புள்ளி ஒன்றாக இருந்தது இரண்டு புள்ளி நான்காகிவிட்டது. இதற்கு நேரான மருந்து இல்லை. எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மாத்திரைகளைக் குறைத்திருக்கிறார்கள், அவன் உடம்பே சண்டை போடட்டும் என்று. ஆனால் அதிகம் குறைத்தால் அந்த உடம்பு என் சிறுநீரகத்தையே அந்நியம் என்று தள்ளிவிடலாம். கத்தி மேல் நடக்கிற வேலை என்றார் இவர். அவருக்கும் குரல் சரியில்லை.

என் கண்ணில் இருந்தது என் சிறுநீரகத்தையே தேடிப் போயிருக்கிறதா?

ஜூன் 2

மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு. குளம். தண்ணீருக்குள் வெளிச்சம் துண்டு துண்டாக ஆடுகிறது. அடியில் ஒரு சின்ன உருவம், அவரைவிதை மாதிரி, தூங்கிக்கொண்டிருக்கிறது. எழுப்பக்கூடாது என்று எனக்குத் தெரியும். கையை நீட்டாமல் மிதந்துகொண்டே இருந்தேன். பயமே இல்லை. விழித்த பிறகுதான் பயம்.

ஜூன் 4

அண்ணா வீடியோவில் வந்தான். எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைப் படுக்கையும் அதில் ஒரு நிழலும்தான்.

"ஸாரிடி. நீ குடுத்ததை நான் ஜாக்கிரதையாப் பார்த்துக்கலை."

"நான்தான் கொண்டுவந்து சேர்த்தேன் அண்ணா. நித்யாவை உன் ரூமுக்கு அனுப்பினது நான்."

"டாக்டர் என்ன சொன்னார் தெரியுமோ? எங்கேர்ந்து வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாதாம். குழந்தைகிட்டேர்ந்து வந்திருக்கலாம். சின்ன வயசுல எனக்கே வந்து, உள்ளே தூங்கிண்டிருந்து, இப்போ முழிச்சிண்டிருக்கலாம். உன் கிட்னியோடயேகூட வந்திருக்கலாமாம்."

"அப்படின்னா அதுவும் என்னுதுதானே!"

சிரிக்க ஆரம்பித்தான். இருமல் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். கண் எரிந்தது. நிறுத்த முடியவில்லை.

ஜூன் 7

சிறுநீர் தெளிந்துவிட்டது. எண் இரண்டுக்குக் கீழே. ஒன்று புள்ளி ஒன்பது.

ஜூன் 10

ஒன்று புள்ளி ஆறு.

வீக்கமும் தண்ணீர் வடிவதும் போய் நாலு நாளாகிறது. ஆனால் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வளையம். தெருவிளக்கு நிலாவாகிவிட்டது. டாக்டர் ஆக்னஸ் கருவிழியைப் பார்த்து, சின்னச் சின்னப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன என்றார். அந்தப் புள்ளிகள் தானாக மறையும், மாதங்கள் ஆகலாம், அவசரப்பட வேண்டாம்.

கம்பெனியில் கண் பரிசோதனை. கடைசி மூன்று வரி எழுத்துகளும் பனியில் நின்றன. ஃபிலிம் பார்க்கும் அறை இப்போதைக்கு எனக்கு இல்லை. ஆவணப் பிரிவில் ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். அழுவேன் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கத்து மேஜை. முதல் மழை பெய்துகொண்டிருந்தது, ஒவ்வொரு துளிக்கும் வளையம்.

ஜூன் 14, சனி

அண்ணாவைப் பார்க்க விட்டார்கள். வார்டு வாசலில் சோப்பு போட்டு, இருபது எண்ணி, உள்ளே போனேன். இளைத்திருக்கிறான். ஜன்னல் வெளிச்சத்தில் தலையைச் சுற்றி ஒளி.

"சாமி மாதிரி இருக்கே அண்ணா" என்றேன்.

"கண்ணை நன்னாக் காட்டுடி டாக்டர்கிட்ட" என்றான்.

ஜூலை 6

ஜுரம் பரவியதால் மூடியிருந்த நீச்சல் குளத்தைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். பெற்றோர்கள் சேர்ந்து கேட்டதால் குளோரின் அளவைத் தினம் இரண்டு தடவை பார்த்துப் பலகையில் எழுதுகிறார்கள். கண் சிவந்த குழந்தை இரண்டு வாரம் வரக்கூடாது, ஒருவருடைய துண்டையும் நீச்சல் கண்ணாடியையும் இன்னொருவர் பயன்படுத்தக்கூடாது என்று நான்தான் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். நித்யா என் தெலுங்கைச் சரிபார்த்தாள். நாலு தப்பாம்.

ஆகஸ்ட் 19

எண் ஒன்று புள்ளி நான்கில் நின்றுவிட்டது. பழைய ஒன்று புள்ளி ஒன்று இனி வராது என்கிறார்கள். கொஞ்சம் போனது போனதுதான். இருக்கிறது நன்றாக வேலை செய்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

அண்ணா நேற்றே இங்கிருந்து காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டான். இன்று முதல் மறுபடி அலுவலகம். சாயங்காலம் வந்ததும் கூப்பிடுகிறேன் என்றான். நான் லீவு போட்டேன், காரணம் எழுதும் இடத்தில் என்ன எழுதினேன் என்று நினைவில்லை. காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுச் சும்மா தலையைச் சாய்த்தேன். மழை.

நித்யா உலுக்கி எழுப்பினாள். ஏழு மணி. போனில் அண்ணாவின் ஐந்து அழைப்புகள்.

பதறிப்போய்க் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"என்னடி ஆச்சு உனக்கு? ஏன் எடுக்கலை? மாப்பிள்ளைக்கும் போட்டேன், மீட்டிங்காம். பயந்தே போயிட்டேன்."

"தூங்கிட்டேன் அண்ணா."

அவன் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"நல்லது. போ, இன்னும் கொஞ்சம் தூங்கு" என்று வைத்துவிட்டான்.