கொழுந்தையும் கொடுத்துவிட்டேன், அக்கா

என்னைத் திட்டிக்கொண்டே என் தட்டில் முதல் சோறு வைத்த அழகம்மா அக்காவுக்கு,

உங்கள் ஓரகத்தி ராசம்மா எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் உங்களுக்குப் படையல் போட்டோம். படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அண்ணனும் தம்பியுமாக நம் வீட்டுக்காரர்கள் இருவரும் பக்கத்தில் நின்றார்கள், எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் நாலு பேர் படிப்பார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். படிக்கட்டும் அக்கா, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நம் பாறையில் ஒட்டி வளர்கிற முடவாட்டுக்கால் கிழங்கு போய்விட்டது. கை எட்டாத உயரத்தில் ஒரு வெடிப்பில் மட்டும் கொஞ்சம் பச்சை தெரிகிறது. மற்ற இடமெல்லாம் சுரண்டிய சட்டி மாதிரி இருக்கிறது. இதற்கு யார் காரணம் என்று ஊரில் ஆளுக்கு ஒருவரைச் சொல்கிறார்கள். என்னை யாரும் சொல்லவில்லை. ஆனால் முதல் காரணம் நான்தான்.

வாசலூர்பட்டியில் படகு விடுகிற ஏரிக்குப் போகும் வழியில் நாம் இருவரும் போட்ட சூப் கடை உங்களுக்கு நினைவிருக்கும். வளைவு வளைவாக மலையேறி, தலை சுற்றி இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது அந்தக் கிழங்குச் சூப்பைத்தான். நீங்கள் கிழங்கின் மேலிருக்கும் பழுப்பு ரோமத்தைச் சுரண்டி நறுக்குவீர்கள். நான் மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைப்பேன். மூட்டுவலிக்காரர்கள் இரண்டாவது டம்ளர் கேட்டால் உங்கள் முகத்தில் ஒரு பெருமை வரும்.

கிழங்கு அறுக்கப் போனால் கொழுந்து விடுகிற நுனியை நான்கு விரல் நீளத்துக்குப் பாறையிலேயே விட்டுவிட வேண்டும் என்பது உங்கள் கண்டிப்பு. ஒருநாள் மழை வருகிற அவசரத்தில் நுனியோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்பப்பா, என்ன கூச்சல் போட்டீர்கள்! பிறகு சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை, விறகை மட்டும் டொம்மென்று போட்டுக்கொண்டிருந்தீர்கள். கடை சாத்தும்போதுதான் வாயைத் திறந்தீர்கள்.

"அதைய உட்டுட்டு வந்தாத்தான அடுத்த வருசம் அங்க ஏதாச்சும் இருக்கும், ராசு?"

நீங்கள் போன பிறகு ஏரி வழியெங்கும் சூப் கடைகள் வந்துவிட்டன. கிழங்கை மூட்டை மூட்டையாக எடுத்து வருகிற ஆட்களும் வந்தார்கள். ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஒவ்வொரு பாறையாக வெறுமையாகிக்கொண்டே வந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தபோதுதான் அந்த மகா யோசனை தோன்றியது.

சூப் குடிக்க வருகிறவர்களுக்குக் கொழுந்தோடு ஒரு துண்டு கொடுத்தனுப்பினால் என்ன? இங்கே அழிந்தாலும் சேலத்தில் ஒரு வீட்டில், ஈரோட்டில் ஒரு வீட்டில் இருக்குமே? நாளைக்கு நமக்கு வேண்டுமென்றால் அவர்களிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாமே? வாழைச் சருகில் சுற்றி, "ஊட்டுல வெச்சுக் காப்பாத்துங்க" என்று சொல்லிச் சும்மாவே கொடுத்தேன். நீங்கள் இருந்திருந்தால் என்னை மெச்சியிருப்பீர்கள் என்று வேறு நினைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஒரு பெண் அதைப் போனில் படம் பிடித்தாள். நானும் தலையை வாரிக்கொண்டு வந்து நின்று, அழிகிற செடியைக் காப்பாற்ற ஆளுக்கு ஒன்று வளர்க்க வேண்டும் என்று பேசினேன். அது எங்கெங்கோ போயிருக்கிறது. பிறகு வந்தவர்கள் சூப்பைக் கேட்கவில்லை, போனை நீட்டிச் செடியைத்தான் கேட்டார்கள். என்னிடம் தீர்ந்ததும் பக்கத்துக் கடைகளில் விற்க ஆரம்பித்தார்கள்.

இங்கேதான் அக்கா நான் கெட்டேன். மூட்டை கட்டுகிறவன்கூட அதுவரை நுனியைத் தொடவில்லை. நல்ல மனசு ஒன்றும் காரணமில்லை, நுனியில் சதை கிடையாது, சூப்புக்கு ஆகாது என்று விட்டுவிட்டுப் போவான். மிச்சம் கிடந்த அந்த நுனிதான் இத்தனை காலம் பாறையை மறுபடி மறுபடி மூடியது. அதற்கும் ஆள் தேடிக் கொடுத்தவள் நான். இப்போது முதலில் கை வைப்பதே நுனியில்தான்.

கொடுத்த இடத்திலாவது பிழைத்திருக்கிறதா என்று கேட்பீர்கள். ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். என்னிடம் துண்டு வாங்கிப் போனவர், நல்ல மனுஷி.

"தொட்டியில மண்ணப் போட்டு நல்லா ஆழமா நட்டனுங்க. ஒருநாள் தவறாமத் தண்ணி ஊத்துனனுங்க. அழுகிப் போச்சுங்க. இன்னொண்ணு அனுப்ப முடியுங்களா?"

பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டிக்கொண்டு காற்றில் வாழ்வதைக் கொண்டுபோய் மண்ணில் புதைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நம் ஊரில் அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லையே, பார்த்துத் தெரிந்துகொண்டதுதானே. அதனால் நானும் ஒருவரிடமும் சொல்லவில்லை. நம்பர் இருந்த மற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லாரும் நட்டிருக்கிறார்கள், எல்லாரும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் தன்னுடையது பச்சையாக இருக்கிறது என்று படம் அனுப்பினார். அது வேறு ஏதோ செடி.

அந்த அம்மாவிடம் அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "இங்கயும் இல்லீங்க."

தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு வனக்காவலர் இங்கே மாற்றலாகி வந்திருக்கிறார். அவரைப் பாறைக்கே கூட்டிக்கொண்டு போனேன். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். இலைக்கு அடியில் இருக்கிற பழுப்புப் புள்ளிகளிலிருந்து தூள் பறந்துதான் அது புது இடத்தில் பிடிக்கும், அந்த வெடிப்பில் இருப்பதைத் தொடாமல் விட்டால் பல வருஷத்தில் பாறை மறுபடி மூடலாம் என்றார். காவல் போடுங்கள் என்று கெஞ்சினேன். "நான் ஒரு ஆளுங்கம்மா, எத்தனை பாறைக்கு முன்னாடி நிக்கிறது? வாங்குற கை நின்னாத்தான் அறுக்குற கை நிக்கும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

வாங்குகிற கையை நிறுத்தத்தான் நானும் பார்த்தேன். சூப்பை நிறுத்திவிட்டு மிளகும் பலாச்சுளையும் விற்கிறேன். இந்தக் கிழங்கு அழிகிறது, குடிக்காதீர்கள், செடியாகவும் வாங்காதீர்கள் என்று பலகை எழுதி வைத்தேன். வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். நல்ல விஷயம் என்று பாராட்டிப் பலகையைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அடுத்த கடைக்குப் போய்ச் சூப் குடிக்கிறார்கள்.

பாறையடியில் சிதறிக் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி வந்து நம் பலாமரத்தில் தேங்காய் நாரால் கட்டினேன். மழை வந்தால் துளிர்க்கும் என்றார்கள். மழை வந்துவிட்டுப் போய்விட்டது. உயிர் இருக்கிறதா என்று தினமும் நகத்தால் கீறிப் பார்க்கிறேன். "உடு சாமி, கீறிக் கீறியே கொன்னுபோடுவே" என்கிறார் உங்கள் வீட்டுக்காரர்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். நம் பங்காளி சின்னராசு ஏணி கேட்டு வந்தான். நம் ஊரில் ஏணி கேட்டு யாரும் இல்லை என்று சொன்னதில்லை, உங்களுக்குத் தெரியும். மிளகு பறிக்கிற நாளில் நம் ஏணி எந்த வீட்டில் நிற்கிறது என்றே நமக்குத் தெரியாது. ஆனால் இப்போது கொடியில் மிளகு ஏது? அவன் பார்வை பாறைப் பக்கம் போனது. எனக்குப் புரிந்துவிட்டது.

"மொளகுக்கு எத்தன நாள் வேணும்னாலும் எடுத்துட்டுப் போ. பாறைக்குன்னா தரமாட்டேன்" என்றேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஏணிய இல்லைங்கற ஊடுன்னு இந்த ஊர்ல ஒண்ணும் இருந்ததில்லைங்க அண்ணி" என்றான். அவனும் கெட்டவன் இல்லை. மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டும், அவன் சூப் கடையில் கிழங்கு இல்லை. இதே பாறையில் அறுத்துத்தானே நீங்களும் நானும் பிழைத்தோம் என்று அவன் கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

அவன் போனதும் பின்னாலேயே நானும் கிளம்பி வீடு வீடாகப் போனேன். நான் செய்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லி, இந்த ஒரு முறை மட்டும் ஏணியைக் கொடுக்காதீர்கள் என்று கேட்டேன். இரண்டு வீட்டில் சரி என்றார்கள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். மற்றவர்கள், "கேட்டு வந்தவனுக்கு எப்படி இல்லைங்கிறது?" என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. எல்லா வீட்டிலும் ஏணி இருக்கிறது, அக்கா.

இதை எழுதுகிற இந்தக் காலையில் அந்த வெடிப்பில் பச்சை இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நாளைக்கு இருக்குமா? அதைக் காப்பாற்றிவிடுவேன் என்று உங்களிடம் சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. என் கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். நம் வீட்டு ஏணி அந்தப் பாறையில் சாயாது. யார் வந்து கேட்டாலும், எந்த உறவு முறிந்தாலும், சாயாது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கு உங்களுக்குப் பின்னால் மருமகளாக வந்த
தங்கச்சி ராசம்மா