பரீட்சைக்கு முந்தின நாள் தூக்கம்

ஏரியூர்
20.9.1987, ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் குப்புராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, உன் தங்கச்சி ராஜாமணி, ஆடு மாடு எல்லோரும் மாரியம்மன் புண்ணியத்தில் நல்லபடியாக இருக்கிறோம். நீ அந்த லக்னோவில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நெஞ்சு அடங்கும். போன கடிதத்துக்கே பதில் வரவில்லை, அதற்குள் இன்னொன்றா என்று நினைக்காதே, இதை எழுதுவதற்குக் காரணமே வேறு. நாளைக் காலையில் ராஜாமணிக்குக் கணக்குப் பரீட்சை. இப்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, அவள் உள்ளே பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். நான் போய் எழுப்பிவிடுவேனோ என்ற பயத்தில்தான் அவளுடைய ரஃப் நோட்டில் நாலு தாள் கிழித்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன். கையில் பேனா இருந்தால் அவள் தோளைப் பிடித்து உலுக்க முடியாது இல்லையா.

வேறு வேலையாவது இருந்தால் கவனம் அதில் போகும். அதுவும் இல்லை, பட்டுப்புழு நேற்று சாயங்காலம் நாலாம் தூக்கத்துக்குப் போய்விட்டது. நீ பட்டாளத்துக்குப் போன பிறகுதான் நாங்கள் புழு வளர்க்க ஆரம்பித்தோம், அதனால் உனக்கு இந்த வேலை தெரியாது. கூடு கட்டுவதற்குள் புழு நான்கு தடவை தின்பதை நிறுத்திவிட்டு, தலையை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றுவிடும், பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் எழும். அது வரைக்கும் தின்ன ஒரு மல்பெரித் தழை போடக்கூடாது, தட்டை அசைக்கக்கூடாது, வீட்டில் மிளகாய் தாளிக்கக்கூடாது, யாரும் பீடி பற்ற வைக்கக்கூடாது. உங்கப்பா பீடிக்காக ரோட்டு வரைக்கும் நடந்துபோய் வருகிறார், பாவம். மற்ற நாளில் தழை வெட்டவும் போடவும் உட்கார நேரம் இருக்காது, இன்றைக்குப் பார்த்து இரண்டு கையும் சும்மா இருக்கிறது.

என் பயம் என்னவென்று உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. போன மார்ச்சில் பத்தாவது பரீட்சையில் இவள் மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸாகிக் கணக்கில் மட்டும் கோட்டை விட்டாளே, அப்போதே என் தம்பி மாது, உன் மாமாதான், தன் மகனுக்கு இவளைக் கேட்டுக்கொண்டு வந்தான். இன்னொரு தடவை எழுதட்டும், அதிலும் தவறினால் தை மாசத்தில் பரிசம் போட்டுக்கொள்ளலாம் என்று உங்கப்பாவும் நானும் சேர்ந்து வாக்குக் கொடுத்தோம். புதன்கிழமை மறுபடி வந்து, என்னக்கா பரீச்ச எப்போ என்று விசாரித்துவிட்டுப் போனான், அவன் பரீட்சையைக் கேட்கவில்லை, தை மாசத்தைக் கேட்டான். பையன் நல்ல பையன்தான், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. இவளைக் கேட்டால், மாமா பையன நான் ஒரு கொறையும் சொல்லலம்மா, எனக்கு அண்ணன மாதிரி வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரில நிக்கணும், அவ்வளவுதான் என்கிறாள்.  என் தம்பி முகமும் வாடக்கூடாது, என் பெண் முகமும் வாடக்கூடாது என்றால் நடக்கிற காரியமா.

ஆடி மாசத்தில் நீ எழுதிய கடிதத்தை உங்கப்பாவுக்கு நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உங்கள் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் தலைக்கு வைத்தியம் பார்க்கிற மேஜரிடம் தங்கச்சி விஷயத்தைச் சொல்லி யோசனை கேட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டதும் உங்கப்பாவுக்குக் கோபம், என் பொண்ணு தலைக்கு என்ன வந்துச்சுன்னு இவன் ஊர்ல போய்க் கேக்கறான் என்று. நான் அவரை அடக்கிவிட்டு மேலே படித்தேன். தலையில் அடிபட்டு வந்த ஒரு ஜவான் தன் பெண்டாட்டி பெயரை மறந்துவிட்டான், பூட்ஸ் கயிறு கட்ட மறக்கவில்லை என்று எழுதியிருந்தாய், எனக்கு அந்தப் பெண்டாட்டியை நினைத்து இரண்டு நாள் மனசே சரியில்லை. மூளையில் சொல்லுகிற ஞாபகம் வேறு, செய்கிற ஞாபகம் வேறு, கணக்கு என்பது வாயில் நிற்கிற சாமான் இல்லை, செய்து செய்து கைக்கு வர வேண்டும் என்று அந்த மேஜர் சொன்னாராம். புத்தகத்தைப் பார்த்துப் பத்துத் தடவை படிப்பதை விட மூடி வைத்துவிட்டு என்ன ஞாபகம் இருக்கிறது என்று தானே எடுத்துப் பார்ப்பது மேலாம், ஒரே நாளில் திணிக்காமல் இரண்டு நாள் விட்டு மறுபடி அதற்கே வரவேண்டுமாம், பயந்த நேரத்தில் தெரிந்தது கூட வராதாம், படித்ததை மூளை தூக்கத்தில்தான் அடுக்கி வைக்குமாம். எல்லாம் கேட்டுவிட்டு உங்கப்பா, அந்த மேஜரு நம்ம வூட்டுக்கு ஒரு வாரம் வந்து இவளுக்குச் சொல்லிக் குடுத்துப் பாக்கட்டும், அப்பறம் பேசலாம் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நம் வீட்டில் படிப்பு என்றால் சத்தம்தானே. நீ படிக்கும்போதும் அப்படித்தான், நீ வாய்விட்டுப் படிப்பது மாட்டுக் கொட்டகை வரைக்கும் கேட்க வேண்டும், கொஞ்சம் நின்றால் அங்கிருந்தே, என்ன சத்தத்தக் காணோம் என்று உங்கப்பா அதட்டுவார். ராஜாமணிக்கும் அதே சட்டம்தான். மார்ச்சுக்கு முன்னால் கைடில் இருக்கிற கணக்கையெல்லாம் விடையோடு சேர்த்துப் பாட்டு மாதிரி ஒப்பித்தாள், கேட்ட எங்களுக்கு உச்சி குளிர்ந்தது. பரீட்சையில் தொட்டிக் கணக்கு வந்ததாம், கைடில் ஆரம் ஏழு, அங்கே பதினாலு என்று கேட்டிருந்தார்களாம், இவள் ஏழுக்கு உள்ள விடையை ஒரு புள்ளி பிசகாமல் எழுதிவைத்துவிட்டு வந்தாள். அந்தக் கூத்தை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. உன் கடிதம் வந்த பிறகு அவள் கைடை மூடிவைத்துவிட்டுப் புங்க மரத்தடியில் வெள்ளைத் தாளோடு உட்கார ஆரம்பித்தாள். வீடே ஊமையாகிவிட்டது. உங்கப்பாவுக்கு அது தாங்கவில்லை, சோறு தின்னும்போது கூட காதை அந்தப் பக்கமே வைத்திருப்பார், பொண்ணு படிக்குதா இல்ல பராக்குப் பாக்குதா என்று என்னைக் கேட்பார், எனக்கு மட்டும் என்ன தெரியும்.

முதலில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது, ஒளிக்காமல் சொல்கிறேன். கைடைப் பார்த்து எல்லாம் சொல்லுகிறவள், மூடினால் பாதிக் கணக்கில் நின்றுவிடுகிறாள், பென்சிலைக் கடித்துக்கொண்டு கண்ணீர் விடுகிறாள். இருந்ததையும் கெடுத்துவிட்டானே என்று உன்னைக்கூட மனசுக்குள் திட்டினேன். நீதான் அடுத்த கடிதத்தில், தடுமாறுவது கெட்ட குறி இல்லை அம்மா, தடுமாறி எடுத்ததுதான் தங்கும், விடு என்று எழுதினாய். விட்டேன். நான் எட்டாவது படித்தவள்தானே, எண்ணை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்கச் சொன்னாய், அதையும் செய்தேன், தழை நறுக்கிக்கொண்டே, ஆரம் மூணு, உயரம் பத்து, சொல்லு பார்க்கலாம் என்பேன். முன்பாக இருந்தால், அது கைடுல இல்லம்மா என்பாள். இப்போது தரையில் விரலால் எழுதிப் பார்த்துவிட்டு ஒரு விடை சொல்கிறாள். சரியா தப்பா என்று நான் கேட்டால், சரிதாம்மா, எனக்கே தெரியுது என்கிறாள். எனக்கே தெரியுது என்று அவள் சொன்னதை நான் இதற்கு முன் கேட்டதே இல்லை.

ஆனால் தூக்கம் விஷயத்தில் மட்டும் நான் உன் பேச்சைக் கேட்கவில்லை. வல்லாரை பறித்துத் துவையல் அரைத்தேன், வெண்டைக்காய் கணக்குக்கு நல்லது என்று வாரத்தில் பாதி நாள் அதையே போட்டேன், கோழி கூவும் முன்பே ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்து எழுப்பி உட்கார வைத்தேன். தூங்குகிற பிள்ளைக்கு எப்படிடா படிப்பு ஏறும், நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நேற்றுக் காலையில் புழு தூக்கத்துக்குத் தயாரான நேரம், பக்கத்துக் காட்டில் குள்ளம்மாள் மகன் டிரான்சிஸ்டரை அலற விட்டான், நான் ஓடிப்போய், டேய் எம் புழு தூங்கப் போவுது, அத நிறுத்துடா என்று கத்திவிட்டு வந்தேன். வந்த வேகத்திலேயே, புத்தகத்தின் மேல் சாய்ந்து கண் சொருகிக் கிடந்த ராஜாமணியின் முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, ஏம்மா, புழு தூங்குனா வளருதுன்னு ஊரையே அடக்கற, நான் தூங்குனா மட்டும் கெட்டுப் போயிடுவனா என்றாள்.

 தூக்கத்தில் இருக்கிற புழுவுக்கு நான் ஒரு தழை போடுவேனா, போட்டால் அது அடியில் கிடந்து அழுகிப் புழுவுக்கு நோவு வரும் என்று புதிதாக வளர்க்கிறவர்களுக்கு நானே புத்தி சொல்கிறேன். பெற்ற பெண்ணுக்கு மட்டும் கண்ணைத் திறக்க முடியாத நேரத்தில் கணக்கைத் திணித்திருக்கிறேன். இடுப்பில் இருந்த தழைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, போய்ப் படு சாமி என்று சொன்னேன். இன்று காலையில் தானாக எழுந்து, புத்தகத்தை மூடி வைத்துப் பழைய கேள்வித்தாள் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தூங்கறம்மா, எழுந்து இன்னொரு தடவ பாத்துக்கறேன் என்று படுத்தாள்.

சொல்லிவிட்டேனே தவிர மனசு ஒத்துக்கொள்ளவில்லை. இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்துபோய் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு வந்தேன், கை குறுகுறுக்கிறது. நாளைக்கு அங்கே போய் எல்லாம் மறந்துவிட்டால், என்னை எழுப்பியிருக்கலாமே அம்மா என்று அவளே கேட்டால் நான் என்ன சொல்வேன். குள்ளம்மாள் தண்ணீர்க் குடத்தோடு போனவள் எட்டிப் பார்த்து, என்னக்கா, நாளைக்குப் பரீச்சைய வெச்சுக்கிட்டு பட்டப் பகல்ல புள்ள தூங்குது என்றாள். மானம் போகிற மாதிரி இருந்தது, லேசாகக் காய்ச்சல் என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினேன். அதை விடப் பெரிய பயம் உங்கப்பா. பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்தையும் காலை பஸ் நேரத்தையும் பார்த்து வர பெண்ணாகரம் போயிருக்கிறார், எந்த நேரமும் வருவார். அவர் வந்து இவள் கிடக்கிற கோலத்தைப் பார்த்தால் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். இதோ வேலிப் படலைத் திறக்கிற சத்தம் கேட்கிறது, அவர்தான், நிறுத்துகிறேன்.

திரும்ப எழுதுகிறேன். உங்கப்பா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, என்ன சத்தத்தக் காணோம் என்று ஆரம்பித்தவர் உள்ளே பார்த்து நின்றுவிட்டார். தூங்குதுங்க, விடுங்க, புள்ள சொல்லிட்டுத்தான் படுத்துச்சு என்று நான் மெதுவாகச் சொன்னேன், நேற்று அவள் என்னைக் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.  அந்த நேரம் பார்த்துக் கன்றுக்குட்டி தலையை ஆட்டி மணி அடித்தது, விடுவிடுவென்று கொட்டகைப் பக்கம் போனார். அங்கே போய்க் கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கன்றின் கழுத்து மணியை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அது ஒலிக்காமல் கையால் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது குப்புராஜ். தையில என்னங்க பண்றது, போச்சுன்னா மாதுவுக்கு என்ன பதில் சொல்றது என்று கேட்டேன். போனா என்ன, மார்ச்சு எங்க ஓடிப் போவுது, மறுபடி எழுதட்டும், மாது கிட்ட நான் பேசிக்கறேன் என்றார். கொடுத்த வாக்கு என்று நான் இழுத்தேன். புள்ளைய விட வாக்கு பெருசா என்றார். பிறகு என் மடியில் இருந்த தாளை எட்டிப் பார்த்து, யாருக்கு எழுதற என்று கேட்டார், உனக்கு என்றேன். அப்ப நான் எழுப்பலன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

இப்போது அவள் எழுந்துவிட்டாள். எழுந்ததும் கணக்கெல்லாம் கடகடவென்று சொன்னாள் என்று உனக்கு எழுத ஆசைதான், ஆனால் அவள் கேட்டது சோறு. கீரையும் களியும் போட்டேன், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மரத்தடிக்குப் போயிருக்கிறாள், சத்தமே இல்லை. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை, நாளைச் சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும் வரைக்கும் அடங்காது. ஆனாலும் மார்ச்சு இருக்கிறது என்று மூச்சு விடுகிறேன். நீ தங்கச்சிக்காகச் சாமியை வேண்டிக்கொள், அந்த மேஜர் ஐயாவுக்கு எங்கள் கும்பிடு சொல்லு. ஊருக்கெல்லாம் தூக்கத்தைப் பற்றி எழுதுகிற நீ விடிய விடிய வார்டில் நின்றுவிட்டு வந்து பகலில் தூங்குகிறாயா, இல்லை சீட்டாடுகிறாயா, ஒளிக்காமல் எழுது. மாரியம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், நீயும் உன் தங்கச்சியும் நினைத்த இடத்தில் நின்று நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் மறக்காமல் நான்கு வரி போடு.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
மாதம்மாள்